அறுபத்திரண்டாவது காளான்

பெரிய கிராணியாரின் வீட்டு அடுப்படிக்குப் பின்னால், ஒரு பழைய செய்தித்தாளின் முன்னால் நான் குந்தியிருக்கிறேன். தாளின் மேல் காளான் வால்கள். கை கழுவ வந்தவன் கை கழுவவில்லை. விரலில் குழம்பு காய்ந்துகொண்டிருக்கிறது. மூன்றாம் முறையாக எண்ணி முடிக்கிறேன்.

அறுபத்திரண்டு.

சட்டைப் பையிலிருந்த நோட்டுப் புத்தகத்தில் அன்று காலை என் கையால் எழுதியிருந்தது அறுபத்தொன்று.

முன்கூடத்திலிருந்து இரண்டு ஏப்பங்கள் கேட்டன. நீளமானது பெரிய கிராணியாருடையது. குட்டையானது கார்டு ஞானமுத்துவுடையது. இருவரும் திருப்தியாகச் சாப்பிட்டிருந்தார்கள். நானும்தான். எனக்கு மட்டும் ஏப்பம் பாதி வழியில் நின்றுவிட்டது.

வருஷம் திட்டமாகச் சொல்ல வரவில்லை. முப்பதுகளின் தொடக்கம், ரப்பர் விலை விழுந்து, போகிற இடமெல்லாம் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். இடம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ். வருஷத்தை மறந்தவனுக்கு அறுபத்தொன்று மட்டும் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். என் மகளும் அதைத்தான் கேட்கிறாள். அவள் பிறந்த நாளை நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

எக்ஸஸ்

அப்போது நான் ரயில்வே சாமான் கொட்டகையில் எண்ணுகிற கிராணி, அதாவது குமாஸ்தா. கூலிகள் மூட்டையைத் தோளில் வைத்து என்னைக் கடந்து போவார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு. நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. நாள் முழுவதும் இதுதான் வேலை. இதற்காகவா கிள்ளானில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷம் படித்தாய் என்று என் மாமா கேட்டார். ஆமாம், இதற்காகத்தான்.

எங்கள் தொழிலில் இரண்டு வகைத் தப்பு உண்டு. ஒன்று ஷார்ட், மற்றது எக்ஸஸ். வந்திருக்க வேண்டிய மூட்டை வராவிட்டால் ஷார்ட். அதற்குச் சமாதானம் ஆயிரம். எலி, மழை, கிழிசல், கள்ளன். எக்ஸஸ் அப்படியல்ல. சீட்டில் நூறு, கையில் நூற்றொன்று என்றால், நம்முடையதல்லாத ஒன்று நம்மோடு கலந்திருக்கிறது. அது என்ன, யாருடையது, எங்கே ஏறியது? கண்டுபிடிக்கும்வரை எதையும் தொடக்கூடாது.

அன்று அந்த எக்ஸஸைக் கண்டுபிடிக்கும் முன்பே எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வார்கள். அந்த ஆறு மாதம் அந்த வாரத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை காலை பெரிய கிராணி இராசையா என்னைப் பற்றித் துரைக்கு எழுதி அனுப்ப வேண்டும். எனக்கு முன்னால் இருந்த இருவரைப் பற்றி அவர் எழுதிய பிறகு அவர்கள் கொட்டகையில் இல்லை.

ஞாயிறு வேட்டை

இராசையா யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்துப் பட்டன் போடாமல் வெளியே வரமாட்டார். ஞானமுத்து சாமான் ரயிலில் கார்டு. ரயில் நின்ற இடமெல்லாம் இறங்கிக் காடு பார்த்து, புற்றுக் காளான் எங்கே முளைக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார். மழை பெய்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் காளான் பிடுங்கக் கிளம்புவார்கள். எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். காளானை எதற்கு எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கும் தோன்றவில்லை. ரயில்வேக்காரர்கள் கூடையைத் தூக்கினால் கூடவே சீட்டும் எழுதுவார்கள்.

கரையான் புற்றுக் காளானைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலே குடை, கீழே மண்ணுக்குள் எலி வால்போல் நீண்டு, புற்றுக்குள் இறங்கும் வேர். அந்த வாலோடு பிடுங்கி வந்து, சமைக்கும் முன் வாலை நறுக்கி எறிவார்கள். ஒரு காளானுக்கு ஒரு வால். அதனால்தான் சாப்பிட்ட பிறகும் என்னால் எண்ண முடிந்தது.

ஞானமுத்துவிடம் மூன்று சட்டங்கள் இருந்தன. வால் இருக்க வேண்டும். அடியில் கிண்ணம்போல் ஏதும் இருக்கக்கூடாது. கிண்ணம் இருந்தால் நஞ்சு. குழம்பில் போட்ட வெள்ளிக்காசு கறுக்கக்கூடாது. இந்த மூன்றையும் அவர் ஒவ்வொரு ஞாயிறும், கிளம்பும்போது ஒரு தடவையும் திரும்பும்போது ஒரு தடவையும் சொல்வார்.

என் நோட்டில் ஆளுக்கு ஒரு பத்தி. பதினோரு ஞாயிறுகளில் ஞானமுத்து இருநூற்றுப் பதினான்கு. நான் தொண்ணூற்றேழு. பெரிய கிராணி இராசையா சைபர்.

அவர் தேடாமலில்லை. குடைக் கம்பியால் சருகையெல்லாம் கிளறுவார். அவர் பார்த்துவிட்டுப் போன இடத்தில்தான் நான் எட்டு எடுப்பேன். ஒரு முறை ரயிலில் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உந்தச் சைபரைக் கொஞ்சம் சின்னனாய்ப் போடும்" என்றார். அடுத்த வாரம் சின்னதாகப் போட்டேன்.

அந்தக் காலை

பெட்டாலிங் ஸ்டேஷனில் இறங்கி ரப்பர் தோட்டத்துக்குள் நடந்தோம். இப்போது பெட்டாலிங் ஜெயா என்று வரிசை வரிசையாக வீடுகள் நிற்கிற பக்கம். அன்று வரிசையாக நின்றவை மரங்கள்.

பால் மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் ஒரு பெண் வாளியோடு எதிரே வந்தார். எங்கள் கூடையையும், நோட்டையும், பெரிய கிராணியாரின் கழுத்துப் பட்டனையும் பார்த்தார்.

"ஏங்கய்யா, காளான் புடுங்கவா ரயிலேறி வந்தீங்க?"

"ஆமாக்கா. பொழுதுபோக்கு" என்றார் ஞானமுத்து.

"டவுன்ல பொழுது போகலைன்னா இங்க வந்து நாலு மரம் வெட்டுங்களேன். நல்லாப் போகும்."

இராசையா தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் சொன்னார். அது சரியான பதில்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று புற்றுகளில் காளான் கிடைத்தது. ஞானமுத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூடையில் போட, நான் கோடு போட்டேன். பன்னிரண்டு கட்டு, மேலே ஒன்று. பிளாட்பாரத்தில் கூடையைக் கொட்டி மறுபடி எண்ணினேன். அறுபத்தொன்று. ஞானமுத்து முப்பத்தெட்டு, நான் இருபத்து மூன்று, இராசையா சைபர். ரயிலில் கூடை இராசையாவின் காலடியில் இருந்தது. நான் சன்னல் பக்கம் தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

சொல்வதா வேண்டாமா

இனி அந்தச் செய்தித்தாளுக்குத் திரும்புகிறேன்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காலையில் எண்ணியது தப்பு என்றால், அறுபது காளானைச் சரியாக எண்ணத் தெரியாதவன் அரிசி மூட்டையை எப்படி எண்ணுவான்? வேலை போய்விடும். எண்ணியது சரி என்றால், நாங்கள் பிடுங்காத ஏதோ ஒன்று எங்கள் வயிற்றில் இருக்கிறது. உயிர் போய்விடும். கொஞ்ச நேரம் எது பெரிதென்று தெரியாமல் அங்கேயே குந்தியிருந்தேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு எழுந்து கூடத்துக்குப் போனேன்.

"ஐயா, ஒரு எக்ஸஸ்."

"எதிலை?" என்றார் இராசையா, சாய்வு நாற்காலியிலிருந்து.

"காளான்லங்க. சீட்டுல அறுபத்தொண்ணு. வால் அறுபத்திரண்டு."

ஞானமுத்து விசிறியை நிறுத்தினார். "மறுபடி எண்ணு."

"மூணு தடவை எண்ணிட்டேண்ணே."

"நாலாவது எண்ணு. போ."

"அவர் எண்ணத் தேவையில்லை" என்றார் இராசையா, அவசரமாக. "காலமை பிழை விட்டிட்டார். மனுசர் பிழை விடுறது வழமைதானே. தம்பி, ஒரு கடதாசி எடும். காலமை எண்ணினது பிழை, அறுபத்திரண்டுதான் சரியெண்டு எழுதிக் கையெழுத்து வையும். நான் உம்மிலை ஒரு குறையும் பிடிக்கமாட்டன். நாளைக்கு நல்லாய்த்தான் எழுதுவன்."

இவ்வளவு கருணையை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பேனாவைக்கூட அவரே எடுத்துக் கொடுத்தார்.

"அவர் சொல்றது சரியா இருக்கணும்னு நான் ஜெபம் பண்றேன்" என்றார் ஞானமுத்து. "ஆனா நீ எண்ணி நான் தப்பு பார்த்ததில்லையே."

பேனாவைக் கையில் பிடித்தபடி நின்றேன். எழுதினால் வேலை நிச்சயம். ஆனால் வயிற்றில் நஞ்சு இருந்தாலும் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டோம்.

"ஐயா, சாயங்காலம் ஏழு மணிக்குக் கையெழுத்துப் போடறேன். எல்லாரும் உயிரோட இருந்தா."

"யார் கடிகாரத்துல ஏழு?" என்று ஞானமுத்து தன் கார்டு கடிகாரத்தை வெளியே எடுத்தார்.

கோழிகள்

இராசையா எழுந்து பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் கொக்கரிப்புக் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் கோழிக்கூடு திறந்து கிடக்கிறது. ஏழு கோழிகளும் செய்தித்தாளை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன.

"கதவு தானாய்த் திறந்திட்டுது" என்றார் இராசையா.

நான் அவருடைய குடையை எடுத்து விரித்து வால்களுக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். கோழிகள் குடையைச் சுற்றி வந்தன. நானும் சுற்றினேன். அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி பாக்கியம் அம்மாள் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, வெயிலோ?"

விஷயத்தைச் சொன்னோம். அவர் இன்னும் சாப்பிடவில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுகிறவர். அவருடைய பங்கு சட்டியில் மூடி வைத்திருந்தது. யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்டு மட்டும் கறுப்பாய்க் கிடந்தது. வெயில் பட்டதாக்கும் எண்டு போட்டன்."

ஞானமுத்துவும் நானும் வால்களைப் பத்துப் பத்தாக அடுக்கினோம். ஆறு வரிசை ஆயிற்று. மிச்சம் இரண்டு. அவற்றில் ஒன்றுக்கு வால் இல்லை. குட்டையான தண்டு. அதன் அடியில் கிழிந்த பைபோல், சின்னதாக, ஒரு கிண்ணம்.

என் எண்ணிக்கை சரி. அரை வினாடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடவுள் மன்னிக்கட்டும்.

டிரெஸ்ஸர் வந்தார்

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஐயாக்கண்ணு குடியிருந்தார். மருந்து கட்டுவது முதல் பல் பிடுங்குவது வரை குவார்ட்டர்ஸுக்கு அவர்தான் டாக்டர். அவரை எழுப்பி அழைத்து வந்தேன். வரும் வழியெல்லாம் கேலி.

"காளானா? வெள்ளிக்காசு போட்டுப் பார்த்தீங்களா? காசு கறுத்தா காசுக்குத்தான்யா கேடு. அதுக்கும் நஞ்சுக்கும் சம்பந்தமே இல்ல. இதெல்லாம் படிச்சவங்க செய்யிற வேலையா? எத்தனை பேர் சாப்பிட்டீங்க?"

"மூணு பேர்."

"நாலு" என்றார் பாக்கியம் அம்மாள், வாசலில் நின்றபடி. "உங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்து விட்டனான். கிண்ணம் இன்னும் வரேல்லை."

டிரெஸ்ஸர் நின்றார். தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார்.

"அது ஆட்டு ஈரல் இல்லையா?"

"காளான்."

அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை. வாளி நிறைய வெந்நீர், கை கையாக உப்பு. வாசல் சாக்கடை ஓரமாக வரிசையில் நிறுத்தினார். தானே முதலில் குடித்தார். டாக்டர் முதலில் பிழைத்தால்தான் மற்றவர்களைக் காப்பாற்ற முடியும் என்றார். அவர் மூன்று முறை வாந்தியெடுத்தார். ஞானமுத்து ஐந்து முறை. நடுவில் இரண்டு முறை தன் மூத்த மகனுக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார். நான் நான்கு முறை. எதிர் வீட்டுச் சன்னலில் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இராசையாவின் முறை வந்தது. அவர் டம்ளரை வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாம்."

"ஐயா, இது கிண்ணக் காளான். இப்ப ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் ஈரலைப் பிடிக்கும்" என்றார் டிரெஸ்ஸர்.

"பிடிக்கட்டும்."

"இஞ்சருங்கோ, குடியுங்கோவன்" என்றார் பாக்கியம் அம்மாள். அவர் குரல் முதன்முதலாக மாறியிருந்தது. "கறுத்ததை முழுசாய் உங்கட தட்டிலைதானே போடச் சொன்னீங்கள். உங்களுக்குத்தானே கூட ஆபத்து."

எல்லோரும் பெரிய கிராணியாரைப் பார்த்தோம்.

இராசையா கழுத்துப் பட்டனைத் தொட்டுப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். பிறகு, வழக்கு மன்றத்தில் சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று சொன்னார்:

"அது நான் பிடுங்கினது."

டிரெஸ்ஸர் நீட்டிய டம்ளரை இறக்கினார்.

"நேற்றுப் பின்னேரம். கொட்டகைக்குப் பின்னாலை. லேஞ்சித் துணியிலை சுத்திச் சட்டைக்குள்ளை வைச்சிருந்தன். ரயிலிலை கூடைக்குள்ளை போட்டன். சாப்பாட்டிலை வைச்சுச் சொல்லுவம் எண்டுதான் நினைச்சன். இவர் சட்டம் மூண்டையும் சொல்லத் தொடங்கிட்டார். எனக்கு வாய் வரேல்லை. பதினொரு கிழமையாய் ஒண்டுகூட இல்லை. கிடைச்சது ஒண்டு. அதை நான் சாக்கடையிலை விடமாட்டன்."

அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். அவருக்குக் கீழே பதினெட்டு கிராணிகள் வேலை பார்த்தார்கள்.

ஞானமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "கொட்டகைக்குப் பின்னால எங்க? மண்ணுலயா, மரத்துலயா?"

"வைக்கோலிலை. பீங்கான் பெட்டியள் பிரிச்சு எறிஞ்ச வைக்கோல் குவியல் ஒண்டு மழையிலை கிடக்குதே. அதுக்கு மேலை."

ஞானமுத்து கண்ணை மூடினார். அந்தத் தண்டை எடுத்து முகர்ந்தார். திருப்பினார். இன்னொரு முறை முகர்ந்தார்.

"வைக்கோல் காளான்" என்றார். "இதுக்குக் கிண்ணம் உண்டு. சீனன் பாசார்ல கூடை கூடையா விக்கிறான். நானே வாங்கித் தின்னிருக்கேன்."

"அப்ப உங்க ரெண்டாவது சட்டம்?" என்றேன்.

"அது காட்டுக்கு. வைக்கோலுக்கு இல்ல."

"அதைக் காலையிலே சொல்லியிருக்கலாமே" என்றார் டிரெஸ்ஸர். சாக்கடையைப் பார்த்தார். "நல்ல காளானையெல்லாம் நாங்க கக்கிட்டோம். இந்த வாசல்ல வயித்துக்குள்ள முழுசா மிச்சமிருக்கிறது இவர் பிடுங்கினது மட்டும்தான்."

கோபப்பட வேண்டியது நாங்கள். ஆனால் இராசையாவின் முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்த்தபோது யாருக்கும் கோபிக்கத் தோன்றவில்லை. அவர் மறுபடி மறுபடி ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அது நல்ல காளான்தானோ?"

"நல்ல காளான்தான்."

"தின்னக் கூடினது?"

"திங்கலாம் ஐயா. தின்னுட்டீங்க."

பாக்கியம் அம்மாள் உள்ளே போய், தட்டில் சோறு போட்டு, மூடி வைத்திருந்த குழம்பை ஊற்றி, அடுப்படிப் படியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். அவர் மீன் முள் எடுப்பதுபோல் ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சாப்பிடுவதை வெறும் வயிற்றோடு நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "உப்புக் கொஞ்சம் குறைவு" என்றார்.

ஏழு மணி வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வைக்கோல் காளான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஞானமுத்துவின் கடிகாரம் மேசைமேல் இருந்தது.

திங்கட்கிழமை

இரவு நான் தூங்கவில்லை. மேலதிகாரியின் மானத்தை அவருடைய வீட்டு வாசலில், ஆறு பேர் சன்னலிலிருந்து பார்க்க, வாங்கியவன் நான். குடை பிடித்துக் கோழிகளைத் தடுத்தவனும் நான்தான். இப்படிப்பட்டவனைப் பற்றி நல்லபடியாக எழுத எந்த மனிதனுக்குக் கை வரும்? இரண்டு சட்டைகளையும் துவைத்துப் பெட்டியில் வைத்தேன், கிள்ளானுக்குத் திரும்ப.

காலை எட்டே முக்காலுக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் துரைக்குப் போக வேண்டிய தாள் இருந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். எண்ணுவதில் பிழை விடாதவர். வற்புறுத்தினாலும் எண்ணிக்கையை மாற்றாதவர். சாப்பாட்டு வேளையில் அருகில் வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது. கீழே கையெழுத்து இல்லை.

"உம்மடை கொப்பி இருக்கோ?"

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். அறுபத்தொன்று என்று இருந்தது.

"இதைத் திருத்தேல்லையோ?"

"மொத்தம் எவ்வளவுன்னு எழுதறதுங்க ஐயா?"

"உள்ளதை எழுதும்."

அறுபத்தொன்றை அடித்து அறுபத்திரண்டு என்று எழுதினேன். அவர் பத்திகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஞானமுத்து முப்பத்தெட்டு. நான் இருபத்து மூன்று. வெளியே கூலிகள் மூட்டை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். கோடு போட அங்கே ஆளில்லை.

"கூட்டுத்தொகை பிழைக்குதே, தம்பி" என்றார். "அந்த ஒண்டு ஆர் பேரிலை?"

"உங்க பேர்லதாங்க."

அவர் பத்தியில் இருந்த சின்னச் சைபரை அடித்து, ஒன்று என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துரைக்குப் போகிற தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை மைக்கூட்டில் தொட்டார்.